விண்ணில் பறப்பது யார் வீட்டுப் பணம்?

அரசு தொட்டது துலங்காது; தனியார் தொட்டால்தான் தங்கமாகும்! இது இன்றைய பொருளாதாரப் புலிகள் பாடும் பல்லவி. சான்று எங்கே என்று கேட்டால், அவர்கள் பூமியிலே காட்டுவதில்லை. அண்ணாந்து பார் என்று ஆகாயத்தைக் காட்டுகிறார்கள்.

"அமெரிக்காவைப் பார்! அங்கே எலான் மஸ்க் என்றொரு முதலாளி. ராக்கெட் செய்தார்; விண்ணுக்கு அனுப்பினார்; அனுப்பியதைத் திரும்ப இறக்கி மறுபடியும் பறக்கவிட்டார். அரசாங்கத்தால் ஆகாததை ஒரு தனி மனிதர் ஆக்கிக் காட்டினார். ஆகவே அரசே, ஒதுங்கு! தனியாருக்கு வழிவிடு!" இப்படி அடுக்கிக்கொண்டே போகிறார்கள்.

ராக்கெட் பறந்தது மெய். 2015 டிசம்பரில் அந்த ராக்கெட்டின் அடிப்பகுதி பத்திரமாகத் தரையிறங்கியதும் மெய். அந்தக் கம்பெனியின் பொறியாளர்களும் தொழிலாளர்களும் திறமைசாலிகள் என்பதும் மெய். மெய்யை மறைப்பது நம் வேலையல்ல. ஆனால் பாதி மெய்யைப் பந்தலிலே பரப்பிவிட்டு, மீதியை மடியிலே முடிந்துகொள்கிறார்களே, அந்த முடிச்சை அவிழ்த்துக் காட்டுவது நம் வேலை.

கேள்வி ஒன்றுதான், தோழர்களே! விண்ணிலே பறந்த அந்த ராக்கெட்டுக்கு எண்ணெய் ஊற்றியது யார்?

கணக்கேடு பேசட்டும்

ஸ்பேஸ் எக்ஸ் என்ற அந்தக் கம்பெனி தொடங்கியது 2002-இல். மஸ்க் தம் சொந்தப் பணத்தைப் போட்டார். இல்லையென்று நாம் சொல்லவில்லை. பால்கன்-1 என்ற சிறு ராக்கெட்டைச் செய்தார்கள். 2006 மார்ச்சில் ஏவினார்கள், விழுந்தது. 2007 மார்ச்சில் ஏவினார்கள்; சுற்றுப்பாதையை எட்டவில்லை. 2008 ஆகஸ்டில் ஏவினார்கள். மூன்றாம் முறையும் தோல்வி. செப்டம்பர் 28-ஆம் நாள், நான்காம் முறைதான் வெற்றி கிட்டியது. ஏவிய இடம் எது? பசிபிக் கடலிலே குவாஜலீன் தீவுக்கூட்டம். அங்கே இருப்பது அமெரிக்க இராணுவத்தின் சோதனைத் தளம். ராக்கெட் தனியாருடையது, களம் சர்க்காருடையது!

வெற்றி கிட்டியபோது கம்பெனியின் கஜானாவோ காலியாகும் நிலை. அந்த 2008-ஆம் ஆண்டின் இறுதியில் கையிருப்பு கரைந்து, கம்பெனியை இழுத்து மூடும் நிலைக்கு வந்துவிட்டோம் என்பதை மஸ்க்கே பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அப்போது கை கொடுத்தது யார்? பங்குச் சந்தையா? பாங்குகளா? அமெரிக்காவின் பெரும் பாங்குகளே திவாலாகும் பயத்தில் அரசின் வாசலிலே கையேந்தி நின்ற ஆண்டு அது! சந்தை தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் தள்ளாடியபோது, மற்றவரை அது எங்கே காப்பாற்றுவது?

டிசம்பர் 23-ஆம் நாள் ஓர் ஒப்பந்தம் வந்தது. கொடுத்தது நாசா, அதாவது அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனம். பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு 12 முறை சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்க 160 கோடி டாலர்! முங்கிக்கொண்டிருந்தவனைத் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றியது, "ஒதுங்கி நில்" என்று இன்று விரட்டப்படும் அதே அரசின் கை.

அதுதான் முதல் உதவியா? அதுவும் இல்லை. அதற்கு இரண்டாண்டு முன்பே, 2006 ஆகஸ்டில், ஒரு ராக்கெட்டைக்கூட உருப்படியாக ஏவிக் காட்டாத அந்தக் கம்பெனிக்கு 27 கோடியே 80 லட்சம் டாலர் தர நாசா கையெழுத்திட்டது. சரக்குக் கலமும் அதைச் சுமக்கும் பெரிய ராக்கெட்டும் உருவாக்குவதற்காக. பின்னர் அந்தத் தொகை 39 கோடியே 60 லட்சமாக உயர்ந்தது. அந்தப் பணத்தின் துணையோடு எழுந்ததுதான் இன்று ஊரெல்லாம் பேசும் பால்கன்-9 ராக்கெட். அது முதன்முதல் பறந்தது 2010 ஜூன் 4-இல்.

பணம் மட்டும்தானா? அறிவையும் சேர்த்துக் கொடுத்தது அரசு. விண்ணிலிருந்து திரும்பும் கலம், காற்றிலே உராய்ந்து கனலாகும். அந்தக் கனலைத் தாங்க ஒரு கவசம் வேண்டும். கரியிழையிலே பிசினை ஊறவைத்துச் செய்யும் அந்தக் கவசத்தை வகுத்தது நாசாவின் எய்ம்ஸ் ஆய்வுக்கூடம், பல ஆண்டு உழைப்பு, பொதுமக்கள் பணம். அதை ஆதாரமாகக் கொண்டு, நாசாவின் துணையோடுதான், ஸ்பேஸ் எக்ஸ் தன் டிராகன் கலத்துக்குக் கவசம் செய்துகொண்டது.

இடமும் கொடுத்தது அரசு. 1969-இல் சந்திரனுக்கு மனிதனை அனுப்பினார்களே, அந்த அப்பல்லோ-11 கிளம்பிய மேடை, 39-ஏ என்று பெயர். அமெரிக்க மக்கள் வரிப்பணத்தில் கட்டிய அந்த வரலாற்று மேடை, 2014-இல் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஸ்பேஸ் எக்ஸ் கைக்குப் போயிற்று.

ஜாமீனும் கொடுத்தது அரசு! இது பலருக்குத் தெரியாத சங்கதி. தனியார் ராக்கெட் ஒன்று தப்பித் தவறி ஊர்மீது விழுந்தால் நட்ட ஈடு தருவது யார்? லாரிக்காரர் என்றால் இன்சூரன்சு கட்டுகிறார். அதற்கு மேலே போனால் அவர்தான் கோர்ட்டு வாசலில் நிற்கவேண்டும். ராக்கெட் முதலாளிக்கு அப்படியல்ல. 1988-இல் அமெரிக்காவில் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. கம்பெனி கட்டவேண்டிய இன்சூரன்சுக்கு ஓர் உச்சவரம்பு: 50 கோடி டாலர். சேதம் அதைத் தாண்டினால், அதற்கு மேலே 150 கோடி டாலர் வரை அரசு தரும், நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தால். விலைவாசி ஏற ஏற அந்த 150 கோடியும் ஏறும்! இலாபம் வந்தால் கம்பெனிக்கு. இடி விழுந்தால் பொதுமக்களுக்கும் பங்கு!

பணம் அரசினுடையது, பட்டறிவு அரசினுடையது, மேடை அரசினுடையது, ஜாமீன் அரசினுடையது, முதல் வாடிக்கைக்காரரும் அரசுதான். இத்தனையும் கொடுத்த பிறகு, "அரசு ஒன்றும் செய்யவில்லை" என்பது, ஊரான் வீட்டு நெய்யிலே பலகாரம் சுட்டுவிட்டு என் கைமணத்தைப் பார் என்று சொல்வதாகும்.

அப்படியானால் அது தவறா?

இங்கேதான் நாம் நிதானமாகப் பேசவேண்டும். முதலாளிக்கு அரசு பணம் கொடுத்தது என்றதும், "அடுத்த கொள்ளை!" என்று கூவிவிட்டுப் போவது எளிது. எளிதான பேச்செல்லாம் சரியான பேச்சாகிவிடாது. கொடுத்தது ஏன், எப்படிக் கொடுத்தது, கொடுத்ததற்கு என்ன கிடைத்தது என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

அதற்கு முன்னே அமெரிக்க அரசு ராக்கெட் வாங்கிய முறை வேறு. பெரிய கம்பெனிகளைக் கூப்பிட்டு, "செய், செலவைச் சொல், செலவும் தருகிறேன், அதற்கு மேலே இலாபமும் தருகிறேன்" என்பார்கள். செலவு ஏற ஏறக் கம்பெனிக்குக் கவலையில்லை, தாமதமானாலும் கவலையில்லை. வீடு கட்ட மேஸ்திரியிடம் இப்படி ஒப்பந்தம் பேசினால் வீடு முடியுமா, தோழர்களே? அஸ்திவாரத்திலேயே நம் ஆயுள் முடிந்துவிடும்!

2006-இல் நாசா முறையை மாற்றியது. விலையை முன்கூட்டியே முடிவு கட்டியது. மொத்தப் பணத்தையும் தூக்கிக் கொடுக்கவில்லை. படிப்படியாக இலக்கு வைத்தது. இந்தச் சோதனையை முடித்தால் இவ்வளவு, அடுத்ததை முடித்தால் இவ்வளவு. முடிக்காவிட்டால் பைசா இல்லை. கம்பெனியும் தன் பங்குக்குப் பணம் திரட்டவேண்டும் என்றது.

சொன்னபடி நடந்துகொண்டதா? நடந்துகொண்டது. அந்த 2006-இல் இரண்டு கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று ஸ்பேஸ் எக்ஸ். மற்றொன்று ராக்கெட்பிளேன் கிஸ்ட்லர். அதற்கு ஒதுக்கியது 20 கோடியே 70 லட்சம் டாலர். அந்தக் கம்பெனி, தான் திரட்டுவதாகச் சொன்ன தனியார் முதலீட்டைத் திரட்டவில்லை. 2007 அக்டோபரில் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டது நாசா. அதுவரை கொடுத்தது ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம். மிச்சப் பணத்தைக் காப்பாற்றி, 2008 பிப்ரவரியில் ஆர்பிட்டல் சயின்சஸ் என்ற வேறொரு கம்பெனிக்கு 17 கோடி ஒதுக்கியது. அதே டிசம்பரில் ஆர்பிட்டலுக்கும் 8 முறை சரக்கு ஏற்ற 190 கோடி டாலருக்கு ஒப்பந்தம் தந்தது. ஒரு குதிரையை மட்டும் நம்பாமல், இரண்டு குதிரைகளைப் பூட்டியது அரசு.

பலன்? பால்கன்-9 போன்றதொரு ராக்கெட்டைப் பழைய முறையில் நாசாவே செய்திருந்தால் ஏறத்தாழ 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று 2011-இல் நாசாவே கணக்கிட்டது. உண்மையில் அதை உருவாக்க ஆன செலவு ஏறத்தாழ 30 கோடி. 2012 மே மாதம் டிராகன் கலம் விண்வெளி நிலையத்தைச் சென்றடைந்தது. தனியார் கலம் ஒன்று அங்கே சென்றது அதுவே முதல்முறை.

இன்னொரு கணக்கு. 2011 ஜூலையோடு அமெரிக்காவின் விண்வெளி ஓடங்கள் ஓய்வு பெற்றன. அதன்பின் தம் வீரர்களை விண்ணுக்கு அனுப்ப, இரஷ்ய நாட்டின் சோயுஸ் கலத்திலே காசு கொடுத்து இடம் பிடித்தார்கள் அமெரிக்கர்கள். 2020 வாக்கில் ஓர் இருக்கைக்கு 9 கோடி டாலர் வரை விலை ஏறியது. அதனால் 2014 செப்டம்பரில் இரண்டு கம்பெனிகளிடம் ஆள் ஏற்றும் கலம் கேட்டது நாசா. பழம்பெரும் போயிங் கம்பெனிக்கு 420 கோடி டாலர். ஸ்பேஸ் எக்சுக்கு 260 கோடி. 2020 மே 30-இல் ஸ்பேஸ் எக்ஸ் ஆட்களை ஏற்றிப் பறந்தது. போயிங்கின் ஸ்டார்லைனர் 2024 ஜூன் மாதம்தான் ஆட்களோடு கிளம்பியது. அதில் போன சுனிதா வில்லியம்சும் பட்ச் வில்மோரும் ஏறத்தாழ 8 நாளில் திரும்பவேண்டியவர்கள். கலம் கோளாறாகி, 286 நாள் விண்ணிலே இருந்து, 2025 மார்ச்சில் டிராகன் கலத்தில் ஏறித்தான் பூமிக்கு வந்தார்கள். இரண்டு பேரிடம் வேலை கொடுத்திருந்ததால் தப்பியது அமெரிக்கா. பெரிய பெயரை நம்பி ஒருவரிடமே கொடுத்திருந்தால்?

ஆகவே, அரசு துணை நின்றது தவறல்ல. முதலீட்டுக்காரன் பயந்து ஓடும் புதுத் துறையிலே முதல் அடி எடுத்து வைக்க அரசால்தான் முடியும். ஆனால் கொடுப்பதிலும் ஒரு கணக்கு வேண்டும். கணக்கோடு கொடுத்தால் அது முதலீடு. கணக்கில்லாமல் கொடுத்தால் அது தாரைவார்ப்பு!

பாலைவனத்திலே ஒரு பாடம்

தாரைவார்ப்புக்கும் உதாரணம் அதே அமெரிக்காவிலேயே இருக்கிறது. நியூ மெக்சிகோ என்றொரு மாநிலம். செல்வச் சீமான்கள் மாநிலமல்ல. 2005 டிசம்பரில் அங்கே ஓர் அறிவிப்பு. ரிச்சர்டு பிரான்சன் என்ற பிரிட்டிஷ் கோடீசுவரரின் வர்ஜின் கேலக்டிக் கம்பெனி சுற்றுலாப் பயணிகளை விண்ணுக்கு ஏற்றிச் செல்லும். அதற்கு மாநில அரசு பாலைவனத்திலே விண்துறைமுகம் கட்டித் தரும்!

கட்ட ஆன பணம் ஏறத்தாழ 22 கோடி டாலர். அதில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? டோனா அனா, சியரா என்ற இரண்டு மாவட்டங்களின் மக்கள், கடைகளில் நடக்கும் விற்பனை மீது கால் சதவீதம் கூடுதல் வரியை வாக்களித்து ஏற்றுக்கொண்டார்கள். வேலை வரும், வியாபாரம் வரும், ஊர் செழிக்கும் என்று நம்பி, தங்கள் சட்டைப்பையைத் தாங்களே திறந்து வைத்தார்கள்.

அங்கிருந்து முதன்முதலாக மனிதர்கள் விண்ணின் விளிம்பைத் தொட்டது 2021 மே மாதம். அறிவிப்பு வந்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு மேல்! 2021-இல் ஓர் இருக்கைக்கு விலை 4 லட்சத்து 50 ஆயிரம் டாலர். 2023-இல் வாடிக்கைப் பயணம் தொடங்கியது. 2024 ஜூனோடு அந்தக் கலத்துக்கு ஓய்வு கொடுத்து, புதுக் கலம் கட்டப் போகிறோம் என்று பயணத்தை நிறுத்தியது கம்பெனி. சோப்பு வாங்கியவனும் சட்டை வாங்கியவனும் வரி கட்டினார்கள். சீமான்கள் சில நிமிடம் மிதந்துவிட்டு வந்தார்கள். எந்தத் தேதிக்குள் எத்தனை பயணம், தவறினால் என்ன தண்டனை என்று முதலிலேயே மடக்கிக் கேட்டிருந்தால் இத்தனை ஆண்டு காத்திருக்க நேர்ந்திருக்குமா?

வளர்த்த கடா

இனி, கணக்கோடு கொடுத்த இடத்திலும் முளைத்த ஆபத்தைப் பார்ப்போம். இதுதான் முக்கியம்.

2025 ஜூன் 5. அமெரிக்க அதிபர் டிரம்புக்கும் மஸ்க்குக்கும் பகிரங்கச் சண்டை. மஸ்க்கின் அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்வதுதான் பணத்தை மிச்சப்படுத்த எளிய வழி என்றார் அதிபர். பதிலுக்கு மஸ்க் என்ன சொன்னார்? டிராகன் கலத்தைச் சேவையிலிருந்து உடனே விலக்கத் தொடங்கப் போவதாக அறிவித்தார்!

அன்றைய தேதியில் அமெரிக்க மண்ணிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிச் செல்ல நம்பகமாக இருந்த கலம் அது ஒன்றுதான். சில மணி நேரத்தில் அவர் பின்வாங்கினார், அச்சுறுத்தல் அடங்கியது. ஆனால் அந்தச் சில மணி நேரம் உலகுக்கு உணர்த்திய உண்மை அடங்கவில்லை. ஒரு வல்லரசின் விண்வெளி வாசற்சாவி, ஒரு தனி மனிதரின் சட்டைப்பையிலே இருந்தது! வளர்த்த கடா மார்பிலே பாயும் என்பார்கள். மக்கள் பணத்தில் வளர்ந்த கடா, மக்கள் அரசையே முட்டப் பார்த்தது.

ஏன் இந்த நிலை? இரண்டு குதிரைகளில் ஒன்று நொண்டிற்று, அது தற்செயல். ஆனால் மாற்று ஏற்பாடு இல்லாமல் அரசு நின்றது தற்செயலல்ல. பணம் போட்டபோது அரசு இலக்கு வைத்தது, விலை வைத்தது, போட்டி வைத்தது. உரிமையை மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. யானையை வாங்கியவன் அங்குசத்தை வாங்க மறந்த கதை!

நமக்கென்ன இதில்?

அமெரிக்காக்காரன் பணம், அமெரிக்காக்காரன் பாடு. நாம் ஏன் இதைப் பேசவேண்டும் என்று கேட்கலாம். பேசவேண்டும், தோழர்களே. அதே பாதையிலே இந்தியாவும் காலெடுத்து வைத்துவிட்டது. அந்தப் பாதை நம் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரி மணல் வழியாகவும் போகிறது!

2020 ஜூனில் மத்திய அரசு விண்வெளித் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. உரிமம் தரவும் வழிகாட்டவும் இன்ஸ்பேஸ் என்ற அமைப்பை ஏற்படுத்தியது. 2022 நவம்பரில் ஸ்கைரூட் கம்பெனியின் ராக்கெட் ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து பறந்தது. 2023-இல் இந்திய விண்வெளிக் கொள்கை வந்தது. 2024 பிப்ரவரியில், உதிரிப்பாகம் செய்யும் தொழிலுக்கு 100 சதவீதம் வரை, ராக்கெட்டுக்கும் ஏவுதளத்துக்கும் 49 சதவீதம் வரை, முன் அனுமதி கேட்காமலே வெளிநாட்டு முதல் வரலாம் என்று கதவு திறந்தது. அதே ஆண்டு அக்டோபரில் விண்வெளித் தொழில் முனைவோருக்கென 1,000 கோடி ரூபாய் நிதிக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

2024 மே 30-இல், சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த அக்னிகுல் கம்பெனியின் இளைஞர்கள், ஒரே துண்டாக அச்சிட்டெடுத்த எஞ்சினைப் பூட்டி ஒரு சோதனை ராக்கெட்டை ஏவினார்கள். நம் பிள்ளைகள்! பெருமைப்படுகிறோம். ஆனால் அவர்கள் ஏவிய மேடை எந்த மண்ணில் இருக்கிறது? இஸ்ரோவின் ஸ்ரீஅரிகோட்டாவில். முளைத்த நாற்றங்கால் எது? மக்கள் பணத்தில் நடக்கும் கல்விக்கூடம். இங்கேயும் அரசின் தோளில் நின்றுதான் தனியார் எட்டிப் பார்க்கிறது.

இப்போது குலசேகரப்பட்டினம். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம். 2024 பிப்ரவரி 28-இல் அங்கே ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ 986 கோடி ரூபாய். நிலம் 2,000 ஏக்கருக்கு மேல். கையகப்படுத்திக் கொடுத்தது தமிழ்நாடு அரசு. அந்த இடம் ஏன்? ஸ்ரீஅரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கி ஏவினால் குறுக்கே இலங்கை. அதன் தலைக்கு மேலே போகக் கூடாதென்று ராக்கெட் வளைந்து போகவேண்டும். வளைந்தால் எரிபொருள் விரயம். பெரிய ராக்கெட் தாங்கும். 500 கிலோ சுமக்கும் சிறு ராக்கெட் தாங்காது. குலசேகரப்பட்டினத்திலிருந்து நேர்தெற்கே குறுக்கே நிலமில்லை, கடல்தான். இயற்கை கொடுத்த வாசல் அது. தனியார் கம்பெனிகளின் சிறு ராக்கெட்டுகளும் அந்த வாசல் வழியே போகப்போகின்றன.

அறுபது ஆண்டுக்கு முன்னே, கேரளத்துக் கடற்கரையில் தும்பா என்ற மீனவர் ஊர். 1963-இல் அங்கிருந்துதான் இந்தியாவின் முதல் ராக்கெட் கிளம்பியது. ஊர் மக்கள் இடம் பெயர்ந்தார்கள். அவர்களுடைய தேவாலயமே அலுவலகமாயிற்று. பொதுக் காரியம், நாட்டுக் காரியம் என்று கொடுத்தார்கள். நாளை இலாபக் கணக்கு எழுதும் கம்பெனிக்காகக் கடற்கரையைக் கொடுக்கும் மக்களுக்கு அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. நாட்டுக்குக் கொடுத்தவன் நன்றி பெற்றான். கம்பெனிக்குக் கொடுப்பவன் பங்கு பெறவேண்டும்!

கேட்கவேண்டியவை

ஆகவே, தனியாரே வேண்டாம் என்பதல்ல நம் வாதம். அரசே வேண்டாம் என்ற வாதத்துக்கும் நாம் இடங்கொடுக்கப் போவதில்லை. கொடுக்கிற அரசு, கேட்கிற அரசாகவும் இருக்கட்டும் என்கிறோம்.

முதலாவது, பணம் படியளந்து போகட்டும். முடித்த வேலைக்குக் காசு; முடியாத வேலைக்கு முற்றுப்புள்ளி. நாசா கிஸ்ட்லருக்குக் காட்டிய கண்டிப்பு நம் அதிகாரிகளுக்கும் வரட்டும்.

இரண்டாவது, எந்த வேலையையும் ஒரே கம்பெனியின் கையில் ஒப்படைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், இஸ்ரோவின் கை ஓங்கியே இருக்கவேண்டும். நெல்லைச் சீமையின் மகேந்திரகிரியிலே எஞ்சின் சோதிக்கும் பட்டறிவு பல்லாண்டு உழைப்பில் விளைந்தது. அதைத் தனியாருக்குப் பயன்படுத்தத் தரலாம். தேய்ந்துபோக விட்டுவிடக் கூடாது. சிறிய ராக்கெட்டின் தொழில்நுட்பத்தை ஏலத்திலே விட்டார்களே, 2025 ஜூனில் 511 கோடி ரூபாய்க்கு அதை எடுத்தது யார்? பொதுத்துறை நிறுவனமான எச்.ஏ.எல்.! பொதுத்துறைக்கு ஆற்றலில்லை என்று சொல்வோர் இதை ஒருமுறை படித்துக்கொள்ளட்டும். தொழில்நுட்பத்துக்கு விலை உண்டு என்பதற்கும் இதுவே சாட்சி.

மூன்றாவது, பங்கு. அரசு போடும் பணத்துக்கும், தரும் மேடைக்கும், சொல்லித்தரும் வித்தைக்கும் ஈடாகக் கம்பெனியில் பங்கோ, வருவாயில் ஒரு விழுக்காடோ மக்கள் கஜானாவுக்கு வரட்டும். கம்பெனி நொடித்தால் நட்டம் நம்முடையது என்றால், கொழித்தால் இலாபத்திலும் நமக்கொரு பிடி இருக்கவேண்டாமா?

நான்காவது, சட்டம். 1972-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கைப்படி, இங்கிருந்து ஏவப்படும் ராக்கெட் பிற நாட்டு மண்ணில் விழுந்து சேதம் செய்தால் பொறுப்பு நாட்டின் தலையில். ஏவியது தனியாரானாலும் சரியே. அதற்குக் கம்பெனி எவ்வளவு ஈடு கட்டவேண்டும், அரசு எதுவரை தாங்கும் என்பதை நாடாளுமன்றச் சட்டம் சொல்லவேண்டும். 2017-இல் மசோதாவின் வரைவு வந்தது. 2023-இல் வந்ததோ கொள்கை. கொள்கையை அமைச்சரவை எழுதும், அமைச்சரவையே மாற்றும். சட்டமென்றால்தான் நீதிமன்றத்திலே நிற்கும்.

ஐந்தாவது, மண்ணின் மக்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட விண்வெளித் தொழிற்கொள்கை ஐந்தாண்டில் 10,000 கோடி ரூபாய் முதலீடும் 10,000 வேலையும் இலக்கென்று சொன்னது. நல்ல இலக்கு. அந்தப் பத்தாயிரத்தில் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவனுக்கு எத்தனை? லேத் பட்டறைத் தொழிலாளிக்கு எத்தனை? உடன்குடியிலும் திருச்செந்தூரிலும் படித்துவிட்டு நிற்கும் பிள்ளைகளுக்கு எத்தனை? நிலையான வேலை எத்தனை, காண்டிராக்ட் கூலி எத்தனை? சலுகை கேட்டு வரும் கம்பெனி ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் காட்டிவிட்டுச் சலுகை பெறட்டும். ராக்கெட் கிளம்பும் நாளில் குறித்த கடற்பரப்புக்குள் படகு போகக் கூடாதென்பது எந்த ஏவுதளத்துக்கும் உள்ள விதி. வலை விரிக்காத நாளின் கூலியை மீனவருக்குக் கொடுப்பது கருணையல்ல; ஏவுதல் செலவிலே அதுவும் ஒரு கணக்கு.

இவை பெரிய கோரிக்கைகளா? கடன் கொடுக்கும் பாங்கு, விவசாயியிடம் கேட்கும் கேள்விகளில் பாதிகூட இல்லை இவை! ஏழை உழவனிடம் பட்டா எங்கே, ஜாமீன் எங்கே, தவணை எங்கே என்று கேட்கத் தெரிந்த நாக்கு, கோடிகளைக் கேட்டு வரும் கம்பெனியிடம் மட்டும் மடங்கிப்போவானேன்?

அரசு ஒதுங்கியதால் விண்ணிலே வழி பிறக்கவில்லை. மக்கள் பணத்தோடு அரசு இறங்கியதால் பிறந்தது. அமெரிக்காவின் கணக்கேடு அதைத்தான் சொல்கிறது. குலசேகரப்பட்டினத்திலே சுவர் எழும்பும்போதே பங்கைப் பேசி முடிக்கவேண்டும். ராக்கெட் கிளம்பிய பிறகு அண்ணாந்து பார்த்துக் கூவினால் அதன் காதிலே விழாது. தோழர்களே, ஊர்தோறும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் இதற்குப் பதில் கேளுங்கள். பணம் நம்முடையது; மண் நம்முடையது; கேட்கும் உரிமையும் நம்முடையதே!